வாறன் என்றுவிட்டுப் போனவள்

1

“‘போறன்’ எண்டு மட்டும் எழுதாத. சனம் கதிரையை விட்டு எழும்பிப் போயிடும்.”

“அவள் போறாள்தானே? திரும்பி வர ஏலாதே!”

“அதுக்காக? வீட்டை விட்டு வெளிக்கிடேக்கை ஆரும் போறன் எண்டு சொல்லுவினமே? விசரா!”

2

இந்தக் கதை இந்தச் சண்டையில்தான் பிறந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சண்டை பிடித்தவர்கள் நானும் சாரங்காவும். இடம், ஜெர்மனியின் ஹம் நகரில் எங்கள் தமிழ்ப் பள்ளி மண்டபத்தின் பின்னறை. சனிக்கிழமை திரையிட இருந்த ஒரு ஜப்பானியப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருந்தோம்.

(முதலில் வேறொரு தொடக்கம் வைத்திருந்தேன்: ‘டோக்கியோவில் மழை பெய்துகொண்டிருந்தது. அவள் தன் வாளை’. அதோடு நிறுத்திவிட்டேன். நான் டோக்கியோவைப் பார்த்ததே இல்லை. மொழிபெயர்ப்பு நாவல்களில் எந்த ஊரிலும் மழை பெய்கிறது. அதனால் வந்த பழக்கம்.)

படத்தின் நாயகி வாளும் மோட்டார் சைக்கிளுமாக இரண்டு மணிநேரம் எல்லோரையும் அடித்து நொறுக்குகிறாள். கடைசியில் காலயந்திரத்தை உடைப்பதற்காக, தான் பிறப்பதற்கும் முந்திய காலத்துக்குப் புறப்படுகிறாள். உடைத்துவிட்டால் திரும்ப வழியில்லை. வாசலில் நின்று கூட்டாளியைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொல்கிறாள். நாங்கள் பார்த்து எழுதிய ஜெர்மன் சப்டைட்டிலில் அது ‘நான் போகிறேன்’ என்று இருந்தது.

3

கதாபாத்திரமாகப் பார்த்தால் சாரங்கா நம்பும்படியாக இல்லை. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஜப்பானியப் படம் பார்த்தே அந்த மொழியில் பாதியைப் பிடித்துவிட்டவள் என்று எழுதினால் எந்த வாசகர் நம்புவார்? ஆனால் உண்மை. இன்னொரு உண்மை, திரையிடலுக்கு மறுநாள் அவள் மேற்படிப்புக்காகத் தெற்கே வெகு தொலைவிலுள்ள கார்ஹிங் நகருக்குப் போகிறாள். அவளை விட்டால் ஹம்மில் எனக்குப் புத்தகம் பேச ஆளில்லை. அவள் திரும்பி வருவாளா என்று கேட்க எனக்கு

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அவள் வாசித்தால் சிரிப்பாள்.)

அவள் படத்தைப் பின்னுக்கு ஓட்டினாள்.

“வடிவாக் கேள். ‘இத்தெகிமாஸ்.’ அங்க பிள்ளையள் பள்ளிக்கூடம் வெளிக்கிடேக்கை சொல்லுறது. நேர் அர்த்தம் தெரியுமோ? போய், திரும்பி வாறன். போட்டு வாறன்.”

“வரமாட்டாள் எண்டு தெரிஞ்சுமோ?”

“தெரிஞ்சும்தான்.”

ஜெர்மனில் தவறிப்போன பாதிச் சொல் எங்களிடம் பத்திரமாக இருந்திருக்கிறது.* ‘போட்டு வாறன்’ என்று தட்டினேன்.

* நான் தோற்ற சண்டைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

4

சனிக்கிழமை. படம் முடிந்து விளக்குகளைப் போட்டோம். ஒருவரும் எழும்பவில்லை. பெயர்கள் எல்லாம் ஓடித் திரை கறுத்த பிறகும் எழும்பவில்லை.

“முடிஞ்சுது அக்கா,” என்றேன், முன்வரிசையில் இருந்த பிறேமா அக்காவிடம்.

“என்ன முடிஞ்சுது? அந்தப் பிள்ளை வாறன் எண்டெல்லோ சொல்லிப்போட்டுப் போனது. பொறுங்கோ தம்பி, வரட்டும்.”

மண்டபமே சிரித்தது. பிறேமா அக்கா மட்டும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் வசதியாகச் சாய்ந்தார். பின்வரிசையிலிருந்து சாரங்கா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

5

முடிவு அ: இரண்டு வருடங்கள் கழித்து சாரங்கா ஹம்முக்கே திரும்பி வருகிறாள். (எனக்கு மிகவும் வசதியான முடிவு. ஆகவே நம்ப முடியாது.)

முடிவு ஆ: அவள் அங்கேயே வேலை எடுத்து, அங்கேயே

முடிவு இ: ஒரு காலயந்திரம். (அடித்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.)

நடந்ததை மட்டும் தருகிறேன். மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை, ஹம் ரயில் நிலையம். அவளுடைய பெட்டியை ஏற்றிவிட்டு இறங்கினேன். அவள் ரயில் வாசலில் நின்று கையாட்டினாள்.

“ச்சூஸ், மதீசன்!”

ஜெர்மனில் விடைபெற்றுவிட்டாள். அந்தச் சொல்லில் போவதும் இல்லை, வருவதும் இல்லை. கதவு பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது.

“சாரங்கா! அதை ஒருக்காத் தமிழில சொல்லிப்போட்டுப் போவன்!”