வெளியே சரியும் வாசல்

என் மனுசன் என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. டென்மார்க்கின் மறுகோடியில், புரொண்பியில் தங்கை வீட்டில் தங்கி, சேலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு இக்காஸ்டுக்குத் திரும்பிய காலையில், கடை வாசலைப் பார்த்ததும் பெட்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். வாசல் முழுக்கச் சாம்பல் நிறச் சிமெந்து. இன்னும் முழுதாக இறுகவுமில்லை.

சேலைக்கடை போட நாங்கள் வாடகைக்குப் பேசிய அந்தக் கடையைப் பற்றிச் சொன்னால்தான் என் பதற்றம் விளங்கும். கட்டடத்தின் சொந்தக்காரர் நிக்கலஸின் பாட்டனார் அமெரிக்காவில் எல்லாவற்றையும் ஐந்து சதம், பத்துச் சதத்துக்கு விற்கிற ஒரு மலிவுக் கடையில் வேலை பார்த்தவர். ஊர் திரும்பியதும் அங்கே கண்டதை இங்கே அப்படியே கட்டினார். கதவு தெருவோரத்தில் இல்லை, நன்றாக உள்ளே தள்ளியிருக்கும். இரண்டு பக்கமும் வளைந்த கண்ணாடி. படி கிடையாது. பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவள் கண்ணாடிக்குள் இருப்பதைப் பார்த்தபடியே கதவடிக்கு வந்துவிடுவாள். வந்த பிறகுதான் பாதிக் கடைக்குள் நிற்பது அவளுக்குத் தெரியும். வாசல் தரையில் சின்னச் சின்னக் கற்கள் பதித்து, நடுவில் பித்தளை எழுத்தில் பாட்டனாரின் பெயர். தரை தெருப் பக்கம் மெல்லச் சரிந்திருக்கும்.

முகப்பில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்பது நிக்கலஸின் ஒரே நிபந்தனை. எங்களை நம்பிப் பூட்டுத் திறப்பை முதலே கையில் தந்திருந்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்தும் கடைத் திறப்புவிழாவும் இன்றைக்கு மத்தியானம்தான். நான் முதியோர் இல்லத்து வேலையை விட்டுவிட்டேன். என் மனுசன் தேவராசா வேலை செய்த தொழிற்சாலையையும் மூடிவிட்டார்கள். இந்தக் கடை கைவிட்டுப் போனால் எங்களுக்கு வேறு ஒன்றுமில்லை.

"என்னப்பா இது?"

"வாசல் வெளியாலை சரிஞ்சு கிடந்தது. வாற லட்சுமி அப்பிடியே றோட்டுக்கு வழிஞ்சு போயிடுவா. அதுதான் நேற்று உள்ளுக்குச் சரிச்சுப் பூசினனான். வடிவா இருக்கெல்லே?"

"லட்சுமி என்ன தண்ணியே, வழிஞ்சோட? அவ காலாலை நடந்து வாறவ! அதுக்குக் கீழை ஆரின்ரை பேர் கிடக்குது எண்டு தெரியுமே உங்களுக்கு? மத்தியானம் நிக்கலஸ் வரப்போறார்!"

"நல்ல நாளிலை கத்தாதையும் அஜந்தினி. திறப்புவிழா அண்டு வாசலை உடைக்கிறதே? நான் விடமாட்டன்."

அவர் மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஆனாலும் கை தானாகவே நிறைகுடம் வைக்கிற மேசையை இழுத்துச் சரிசெய்தது. கைபேசி அலறியது. எங்கள் மேற்கு யூலாந்துப் பகுதிக்குப் பெருமழை எச்சரிக்கை. வானத்தைப் பார்த்தேன். மேற்கே ஹொல்ஸ்டெப்ரோ நகரப் பக்கம் கன்னங்கரேலென்று கிடந்தது. சிமெந்தைப் பார்த்தேன், பிறகு கடைக்குள்ளே பலகைத் தரையில் நாங்கள் இறக்கி அடுக்கிய பெட்டிகளைப் பார்த்தேன்.

மழை சொல்லி வைத்தது போல வந்தது. தெருவில் போன சனமெல்லாம் ஓடிவந்து எங்கள் வாசல் குழிவுக்குள் ஒதுங்கியது. காற்று சாரலை உள்ளே அடித்தது. கூரைத் தண்ணீரைக் கொண்டுபோகிற தகரப் பீலி நிரம்பி வாசலில் கொட்டியது. அந்தத் தண்ணீர் தெருவுக்குப் போகவில்லை. என் மனுசன் காட்டிய வழியில், கதவுக்குக் கீழால் கடைக்குள் வந்தது.

"வாறா உங்கடை லட்சுமி! வந்து வரவேற்கேல்லையே?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன். முதல் பெட்டியின் அடி நனைந்துவிட்டது.

அவர் சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு, ஒதுங்கி நின்றவர்களின் கால்களுக்கிடையில் முழங்காலில் விழுந்து கொத்தத் தொடங்கினார். ஈரச் சிமெந்து பாளம் பாளமாகப் பெயர்ந்தது. தண்ணீர் தெருப் பக்கம் திரும்பியது. கூடவே பித்தளை எழுத்தொன்றும் பெயர்ந்து அவர் கைக்கு வந்தது. அதைப் பிடித்தபடி நிமிர்ந்தார். எதிரில் குடையோடு நிக்கலஸ் நின்றார்.

"யார் செய்தது?" என்று டெனிஷில் கேட்டார். குரல் உயரவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"நான்தான்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

தேவராசாவுக்கு டெனிஷ் அரைகுறை. ஆனால் அது விளங்கிவிட்டது. "இல்லை. நான். அவள் இல்லை" என்றார், தனக்குத் தெரிந்த சொற்களைப் பொறுக்கி. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் ஒரு பிழையைத் தன்னுடையது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

நிக்கலஸ் அந்த எழுத்தை வாங்கிப் பார்த்தார். தண்ணீர் ஓடுகிற பக்கத்தைப் பார்த்தார். வளைந்த கண்ணாடியில் மூக்கை வைத்து, நாங்கள் முன்பே விரித்துவைத்த சேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தார். ஒப்பந்தத்தைச் சட்டைப் பைக்குள்ளிருந்து எடுத்தவர், திரும்ப உள்ளே வைத்தார்.

"இதெல்லாம் கையால் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரு கல்லில்கூடக் கீறல் விழக் கூடாது. முடிந்த பிறகுதான் கையெழுத்து" என்றார். பிறகு கதவைக் காட்டினார். "அதுவரை ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள்? ஆட்கள் நிற்கிறார்களே."

கதவைத் திறந்தேன். பிள்ளை வண்டியோடு ஒதுங்கியிருந்த ஒருத்தி முதலில் நுழைந்தாள், அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். தேவராசா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "மன்னியுங்கோ, மன்னியுங்கோ" என்று டெனிஷில் ஒவ்வொரு காலிடமும் சொல்லி, அது தாண்டிய பிறகு சுரண்டினார். நான் குனிந்து அவருக்குத் துடைக்கத் துணி கொடுத்தேன்.

"வேலையும் போச்சு, நீரும் வேலையை விட்டிட்டீர். எனக்குப் பயமா இருந்தது" என்றார், நிமிராமலே. "வேறை என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை."

"எனக்கு இப்பவும் பயந்தான். கல்லுக் கீறாமல் சுரண்டுங்கோ" என்றேன்.