மிச்சம் பிடித்த வார்டு

டயாலிசிஸ் வார்டின் தலைமை நர்ஸ் உத்தரவை எடுத்துக்கொண்டு நேரே நிதித் துறைக்குப் போனாள். அதில் கையெழுத்துப் போட்டிருந்தவர் அவளுடைய அக்கா புருஷன்.

“பாதி மெஷின நிறுத்தச் சொல்லியிருக்கீங்களே, அத்தான். பாதிப் பேர் செத்துருவாங்க.”

“முதல்ல உக்காரும்மா. போன வருஷம் குடுத்த பணத்துல மிச்சம் பிடிச்சுத் திருப்பி அனுப்புனது யாரு?”

“நான்தான். ஃபில்டரக் கழுவிக் கழுவித் திரும்பப் போட்டோம். நாடு கடன்ல கெடக்குதேன்னு...”

அத்தான் தலையில் அடித்துக்கொண்டார்.

“அரசாங்கப் பணத்த யாராவது திருப்பித் தருவாங்களா? ராணுவத்தப் பாரு. வருஷக் கடைசியில மிச்சமிருந்த குண்டயெல்லாம் மொட்டப் பாறை மேல சுட்டுத் தீத்துட்டு, பத்தலன்னு வந்து நிக்கிறான். ராக்கெட்காரன் ஏவுதளத்துக்கு ரெண்டாந்தடவ பெயிண்ட் அடிச்சான். நீ மிச்சம் காட்டுன. அவ்வளவு தேவையில்லன்னு ஆகிப்போச்சு.”

“அப்ப நிலாவுக்கு அடுத்த வருஷம் போங்க.”

“பக்கத்து நாட்டுக்காரன் சிரிப்பான். சண்டைய நிறுத்தினா நம்ம ஆளே என்னையத் துரோகிம்பான். வட்டி கட்டலன்னா நாளைக்கு எவனும் கடன் தர மாட்டான். கிட்னி போனவன் என்ன பண்ணுவான், ஊர்வலமா போவான்?”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

“அந்த வார்டுலதான் உங்க சகலையும் படுத்திருக்காரு.”

சிரிப்பு நின்றது. “தெரியும். அதனாலதான் எந்த மெஷின், எந்த ஆளுன்னு நான் எழுதல. உன் இஷ்டத்துக்கு விட்டுட்டேன். மச்சினிக்கு இதுக்கு மேல என்ன செய்ய?”

“ரொம்ப நன்றி, அத்தான்.”

அப்படிச் சொல்லிவிட்டோம் என்பது படி இறங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வார்டில் அவள் கணவன் மெஷினோடு பிணைந்து கிடந்தான்.

“சகலை என்ன சொன்னாரு?”

“உங்களுக்கு ஒண்ணும் பயமில்ல.”

“எனக்குன்னா? அப்ப வேற யாருக்கு?”

பக்கத்துக் கட்டிலில் இருந்த தையல்காரர் தலையைத் தூக்கினார்.

“சிஸ்டர், அடுத்த தடவ காலையிலயே வந்துடட்டுமா? மத்தியானம் கடை திறக்கணும்.”

“அடுத்த தடவ வர வேணாம்ணே.”

“ஏன், எனக்குக் குணமாயிடுச்சா?” தையல்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கையில் குத்தியிருந்த குழாயும் சேர்ந்து ஆடியது.

கணவன் அவள் சேலை நுனியைப் பிடித்து இழுத்தான். காதை அருகே கொண்டுவரச் சொன்னான்.

“அவர வெளிய கூட்டிட்டுப் போய்ச் சொல்லு. என் எதிர்ல வேணாம்.”