நான்காவது நிபந்தனை

வீட்டு மனையைத் தொழில் நடத்தும் மனையாக மாற்றித் தரும்படி நகராட்சிக்கு விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் பிசியோதெரபிஸ்ட். பன்னிரண்டு வருடம் அடுத்தவர் கிளினிக்கில் ஊரார் முதுகை நிமிர்த்திவிட்டு, போன வருடம்தான் என் வீட்டு முன்னறையில் சொந்தமாக இரண்டு கட்டில் போட்டேன். எதிர்வீட்டுக்காரர் பொறுப்பாரா? ஓய்வு பெற்றதும் மனு எழுதுவதையே முழுநேர வேலையாக்கிக்கொண்டவர் அவர். தெருவில் அவருக்குப் பெயரே பெட்டிஷன். அவர் எழுதினார், நகராட்சி நோட்டீஸ் அனுப்பியது: இது குடியிருப்பு மனை, மூன்று மாதத்துக்குள் வணிக மனையாக மாற்ற அனுமதி வாங்கு, இல்லையென்றால் மூடு.

அலைந்தேன். நகரமைப்புப் பிரிவில் முதல் ஜன்னலில் கேட்டால் மூன்றாவது ஜன்னல் என்பார்கள், மூன்றாவதில் கேட்டால் சாப்பாட்டு நேரம். தெரு அகலம் வேண்டும், கார் நிறுத்த இடம் வேண்டும், அக்கம்பக்கத்தாரின் சம்மதம் வேண்டும். வாசலில் பதினைந்து நாள் அறிவிப்புப் பலகை வேறு. பெட்டிஷன் தினமும் காலையில் அதன் முன்னால் நின்று புதிதாக வாசிப்பது போல வாசிப்பார்.

முதல் சம்மதக் கடிதம் பக்கத்து வீட்டு அக்காவிடம் வாங்கினேன். அக்கா என்றால் என் ஓரகத்தி, கணவரின் அண்ணன் மனைவி. அந்த வீடு அவள் பெயரில்தான் இருக்கிறது. சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள்.

"படிச்சுப் பாருங்கக்கா."

"நீ கொண்டுவந்ததை நான் படிச்சு வேற பாக்கணுமாடி? எங்க போடணும், அத மட்டும் காட்டு."

இணைத்துள்ள வரைபடத்தின் எல்லைப்படி எனக்கு ஆட்சேபணை இல்லை என்று அதில் இருந்தது. நானும் அந்த வரியைப் பெரிதாக நினைக்கவில்லை. அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்து மனையாக வாங்கி, நமக்குள் என்ன அளவு என்று டேப்பே எடுக்காமல் வீடு கட்டியவர்கள். நடுவில் சுவர் என்று பேச்செடுத்தாலே என் கணவருக்குக் கோபம் வந்துவிடும்.

சர்வேயர் வந்த அன்று அக்கா வேலைக்குப் போயிருந்தாள். சாவி வழக்கம் போல என்னிடம் இருந்தது. அவர் டேப்பைப் பிடித்துக்கொண்டே போனார், போனார், அக்காவின் சமையலறைக்குள் நுழைந்து அடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

"மேடம், உங்க வடக்கு எல்லை இதுவரைக்கும் இருக்கு. இந்தச் சமையக்கட்டு முழுசும் உங்க மனையிலதான் நிக்குது."

"அதனால என்ன சார்? நாங்க ஒரே குடும்பம்தான்."

"குடும்பம் ஒண்ணுதான், மனை ரெண்டாச்சே. வணிக மனைக்குள்ள அடுத்த வீட்டுக் கட்டடம் இருக்கக் கூடாது. இடிக்கச் சொல்லுவாங்க."

"வேற வழியே இல்லையா?"

"எல்லையத் திருத்திப் பத்திரம் போடலாம். ஆனா ஃபைல் முதல்லேருந்து போகணும். ஒரு வருஷமாவது ஆகும்."

எனக்கு மீதி இருந்தது பத்தொன்பது நாள்.

சாயங்காலம் அக்கா வந்ததும், "அளந்தாங்களா? என்ன சொன்னாங்க?" என்றாள்.

"எல்லாம் சரியா இருக்குன்னாங்கக்கா."

சொல்லும்போது வாய் கூசவில்லை. பிறகுதான் கூசியது. கணவரிடமும் மென்று விழுங்கினேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அக்காவின் சமையலறை வாசல் வரை நாலு முறை போனேன். ஒவ்வொரு முறையும் அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். என்மேல் எனக்கே வந்த எரிச்சலை நோயாளிகள் மேல் காட்டினேன். ஒருவர் வலி தாங்காமல் கட்டிலிலிருந்து எழுந்தே போய்விட்டார்.

விசாரணை நாளன்று அக்கா லீவு போட்டுவிட்டு என்னோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பெட்டிஷனுக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். அதில் இரண்டு நிமிடத்தைத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவே அவர் செலவழித்தார்.

"இந்த மனுஷனுக்கு ஒரு நாள் முதுகு பிடிச்சுக்கணும், அப்ப தெரியும்" என்றாள் அக்கா என் காதில். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விசாரணைக் குழுத் தலைவி சர்வேயரின் அறிக்கையைப் புரட்டினார். நான்கு நிபந்தனைகளோடு அனுமதிக்கலாம் என்று சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் வாசித்தார். கார் நிறுத்த இரண்டு இடம். மாலை ஏழு மணிக்கு மேல் நோயாளிகள் கூடாது. பெயர்ப்பலகை நான்கு அடிக்கு மேல் போகக் கூடாது. நான்காவது, வடக்கு எல்லைக்கு உட்பட்ட பிற கட்டுமானத்தை, எல்லை குறித்த அடுத்த மனை உரிமையாளரின் சம்மதக் கடிதம் பெறப்பட்டுள்ளபடியால், அறுபது நாட்களுக்குள் அகற்ற வேண்டும்.

அக்கா இன்னும் பெயர்ப்பலகையிலேயே இருந்தாள். "நாலடி தாராளமா போதும்டி. நீலக் கலர்ல போடலாம்" என்று கிசுகிசுத்தாள்.

"நிபந்தனைகளை ஏத்துக்கறீங்களா, இல்ல வேற தேதி வேணுமா?" என்று தலைவி கேட்டார்.

எழுந்தேன். தேதி வேண்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் இரண்டு கட்டிலும் நினைவுக்கு வந்தன. வெட்கமாக இருந்தது, ஆனாலும் அந்த வார்த்தை வரவில்லை. நான் பயந்துவிட்டேன் என்று நினைத்து அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதடி, நான் இருக்கேன்ல. ஏத்துக்கறேன்னு சொல்லு."

"ஏத்துக்கறேன்" என்றேன்.

அந்தக் கூடத்தில் கைதட்டியது அக்கா மட்டும்தான்.