மழைக்கோட்டுப் பையில் இருந்தது

ஆற்றுக்கு அக்கரைக் காடு முழுக்கப் பட்டுப்போய்விட்டது. கப்பலில் வந்த மரப்பெட்டிகளுக்குள் ஒளிந்து வந்த வண்டு, பாழாய்ப்போனது, நாலே வருஷத்தில் அத்தனை மரத்தையும் தின்று தீர்த்தது. இக்கரையில் இன்னும் ஒரு துளைகூட இல்லை என்றுதான் பொறிக்காரி நம்பிக்கொண்டிருந்தாள். அக்கரையில் வண்டுப்பொறி மாட்டுவது அவள் வேலை. அதனால் அந்தப் பெயர். பொறிக்குள் ஒரு மருந்துப்பை தொங்கும். அந்த வாசம் பட்டால் போதும், வண்டு எங்கிருந்தாலும் தேடி வந்துவிடும்.

இக்கரைக் காட்டுக்குக் காவல் அவளுடைய அண்ணன். அன்று அவனுடைய காவல்குடிசைக்கு டீ குடிக்க வந்தவள், வாசல் மரத்தடியில் மரத்தூள் கிடப்பதைப் பார்த்தாள். அண்ணாந்தால், பட்டையில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளை.

"அண்ணே, அக்கரை விறகு ஏதாவது கொண்டாந்தியா?"

"எனக்கென்ன பைத்தியமா? ஒரு குச்சிகூடத் தொடல."

"பின்ன எப்படி வந்துச்சு, பரிசல் ஏறியா?"

"என்னைக் கேட்டா? வண்டோட குலம் கோத்திரமெல்லாம் தெரிஞ்சவ நீதானே."

அவன் முகம் சுண்டிப்போனது. சந்தேகப்பட்டிருக்க வேண்டாம் என்று அவள் நினைத்தபோதுதான், துளைக்குக் கீழே ஆணியில் தொங்கிய மழைக்கோட்டு கண்ணில் பட்டது. அவளுடையதுதான்.

"போன மழையில விட்டுட்டுப் போனே. நீயே வந்து எடுப்பேன்னு தொடல" என்றான் அண்ணன்.

கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். அக்கரையில் பொறி மாற்றும்போது அவசரத்தில் திணித்த பழைய மருந்துப்பை. கசிந்து பிசுபிசுத்தது. வாசம் இன்னும் போகவில்லை.

அடிப்பாவி! விறகு கடத்தாதே என்று ஊரெல்லாம் தொண்டை கிழியக் கத்தியவள், தானே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்கிறாள்.

"இறுக்கமா மூடுற டப்பா ஒண்ணு குடுண்ணே. சீக்கிரம்."

டீத்தூளைக் கொட்டிவிட்டு டப்பாவை நீட்டினான். "இந்த ஒரு மரத்தை வெட்டிட்டா சரியாயிடும்ல?"

"ஒண்ணோட நின்னிருந்தா சரியாயிடும்."

பையை டப்பாவுக்குள் போடுவதற்குள் விர்ரென்று ஏதோ வந்து அவள் மணிக்கட்டில் உட்கார்ந்தது. கறுப்பு முதுகு, வெள்ளைப் புள்ளி, நீண்ட மீசை.

"வாசல் மரத்துலேருந்துதான் வந்திருக்கும்" என்றான் அண்ணன். அவன் குரல் கெஞ்சியது.

"இல்லண்ணே" என்றாள். "வந்த திசையைப் பாத்தேன். உள்காட்டுலேருந்து வந்துச்சு."