வக்கீலுக்குத் தெரிந்த வரிசை

குதிரைக்குப் பரீட்சையின் வரிசை தெரியக் கூடாது. டீச்சர் நாற்பத்தோரு வருடமாகத் தொண்டை வறளச் சொல்லிவந்த பாடம் இது.

பந்தயக் குதிரைச் சமாச்சாரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இங்கே முந்தி ஓடவும் வேண்டாம், வேலி தாண்டவும் வேண்டாம். மணல் பரப்பிய ஒரு நீள்சதுரம், அதன் ஓரமெல்லாம் ஆங்கில எழுத்து எழுதிய வெள்ளைப் பலகைகள், ஒரு கோடியில் நடுவர். எந்த எழுத்தில் திரும்ப வேண்டும், எங்கே வட்டம், எங்கே நடை, எங்கே பாய்ச்சல் என்று இரண்டு பக்கத் தாள் ஒன்று முன்கூட்டியே வந்துவிடும். அதை மனப்பாடம் செய்துகொண்டு போய், குதிரையிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்பது வெளியே தெரியக் கூடாது. கேட்காததைக் குதிரை கொடுக்கவும் கூடாது. ஆனால் குதிரை என்ன மடையனா? நாலு நாள் ஒரே வரிசையில் ஓட்டினால் ஐந்தாம் நாள் அதுவே முந்திக்கொண்டு செய்துவிடும். அதனால் பழக்கும்போது துண்டு துண்டாக, முன்னும் பின்னுமாக மாற்றித்தான் ஓட்டுவார்கள். சோம்பேறித்தனமாக முழுப் பரீட்சையையும் வரிசையாக ஓட்டிய மாணவர்களை டீச்சர் அப்படியே இறக்கிவிட்டு, லாயம் கூட்டப் போகச் சொல்லியிருக்கிறார்.

அந்த டீச்சர்தான் இரண்டு மாதமாக, விடிந்தும் விடியாத நேரத்தில், ஒருவருக்கும் தெரியாமல் வக்கீலின் மேல் ஏறி முழுப் பரீட்சையையும் வரிசை பிசகாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்.

வக்கீல் என்பது அந்தச் சாம்பல் நிறக் குதிரையின் பட்டப்பெயர். சின்ன வயதில் எதைச் சொன்னாலும் ஏன் எதற்கு என்று வாதாடிக்கொண்டிருந்ததால் டீச்சரின் தம்பி வைத்த பெயர். பதினாலு வயதாகி வாதமெல்லாம் ஓய்ந்துவிட்டது, பெயர் மட்டும் ஓயவில்லை.

மறதி என்று சொன்னால் டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வருவதும் நியாயம்தான், ஏனென்றால் அவருக்கு எதுவும் மறக்கவில்லை. எல்லாம் நினைவிருந்ததுதான் தொந்தரவு. மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள், மாணவர்களுக்குச் செய்துகாட்டிக்கொண்டிருந்தபோது, மைதானத்தின் நடுவில் வந்ததும் ஆறு வழி தெரிந்தது. இருபத்தைந்து வயதில் ஓட்டிய பரீட்சை இடப்பக்கம் திரும்பச் சொன்னது. முப்பத்தெட்டில் ஓட்டியது நில் என்றது. போன வருடத்தது வட்டம் போடு என்றது. எது இன்றைக்கு உள்ளது என்று மட்டும் தெரியவில்லை. டீச்சர் இருமி, தண்ணீர் கேட்டு, சமாளித்துவிட்டார். நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இந்தக் குதிரையேற்றப் பள்ளியைக் கூடச் சேர்ந்து தொடங்கிய கூட்டாளி ஒருவர் இருந்தார். நல்ல கை, பட்டு மாதிரிக் கடிவாளம் பிடிப்பார். அவர் ஒரு நாள் குதிரை மேலேயே எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தபோது, "இனிமே வேண்டாம், இறங்குங்க" என்று சொன்னது வேறு யாருமில்லை, டீச்சர்தான். ஒரே வரி. அவர் இறங்கினார். அதற்கப்புறம் எட்டு வருடம் உயிரோடிருந்தார், லாயத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அன்று குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றது தம்பி.

ஆகவே தம்பிக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அந்த ஒரே வரியைத் தம்பி அக்காவுக்குச் சொல்ல வேண்டி வரும். சேணத்தின் மேல் இல்லாத ஒரு நாளை டீச்சரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. தம்பி என்றால் சின்னப்பிள்ளை இல்லை, ஐம்பத்தெட்டு வயது. தீனி, சேணம், லாடக்காரர், வைத்தியர், மைதானம் எல்லாம் அவர் பொறுப்பு. பள்ளிக்கு வருகிற அத்தனை பேருக்கும் அவர் மாமா. அக்காவுக்கு நேர்மாறாகக் குரலே எழும்பாத மனிதர்.

மறைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்தான். ஆனால் வருடாந்தரப் பெரிய போட்டிக்கு முப்பது வருடமாகத் தவறாமல் போகிறவர், இந்த வருடம் போகாவிட்டால் ஏன் என்று கேள்வி வரும். போய்த் தடுமாறினால் அதைவிடப் பெரிய கேள்வி வரும். யோசித்து யோசித்து, கடைசியில் தம் வாழ்நாள் பாடத்தைத் தாமே மீறுவதென்று முடிவுக்கு வந்தார். தமக்கு வழி தவறினால் குதிரைக்காவது தெரிந்திருக்கட்டும்.

அந்த விடியற்காலைகள் அவருக்குப் பிடித்துப்போயின, இதுதான் வேடிக்கை. பனியில் மைதானம் பாதி தெரியும், பாதி தெரியாது. எழுத்துப் பலகைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, தன்னைக் காட்டிவிட்டு, திரும்ப உள்ளே போய்விடும். குளம்புச் சத்தம்கூட மணலுக்குள் அமுங்கிப்போகும். டீச்சர் கண்ணை மூடிக்கொள்வார். கீழே அசைகிற முதுகு வக்கீலுடையதுதான், ஆனால் ஒரு வட்டம் முடிவதற்குள் அது கறுப்பியின் முதுகாகிவிடும். இருபத்திரண்டு வயதில் அவருக்குக் கிடைத்த முதல் குதிரை, ஒரு காது கோணலாக நிற்கும். அடுத்த வட்டத்தில் அது பெரிய மனுஷி என்ற குதிரையாக மாறும். பெண்பிள்ளைகள் ஏறினால் மட்டும் மரியாதையாக நடக்கும் ராங்கிக்காரி அவள். பிறகு, போட்டியில் முதன்முதலாக ஜெயித்துக் கொடுத்த சோம்பேறிச் செவலை. எல்லாரும் செத்துப்போனவர்கள். எல்லாரும் அவர் தொடைக்குக் கீழே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். இடையிடையே அவர் கற்றுக்கொடுத்த பிள்ளைகளும் வருவார்கள். குதிகாலைத் தாழ்த்து, தோளைப் பின்னுக்கு வை, கையை ஆட்டாதே என்று தம் குரலே எங்கிருந்தோ கேட்கும். அவர் தாமே குதிகாலைத் தாழ்த்திக்கொள்வார். கண்ணைத் திறக்கும்போது பரீட்சை முடிந்து வக்கீல் நடுக்கோட்டில் நின்றுகொண்டிருக்கும். கொண்டுவந்து சேர்த்தது தாமா, குதிரையா என்று அவருக்கே தெரியாது. சந்தோஷமாக இருக்கும்.

போட்டி நாள் வெயில் பளிச்சென்று அடித்தது. கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கையுறை, தம்பி முகம் பார்க்கிற அளவுக்குத் துடைத்துவைத்த பூட்ஸ். தம்பி வேலிக்கு வெளியே, பரீட்சை தொடங்குகிற கோடியில், ஏ என்ற பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். முப்பது வருடமாக அவர் நிற்கிற இடம் அது.

உள்ளே நுழைந்த ஐந்தாம் நிமிடம்வரை டீச்சருக்கு எல்லாம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. ஒரே ஒரு வழி, ஒரே ஒரு பரீட்சை. தேவையே இல்லாமல் இரண்டு மாதம் திருட்டு வேலை பார்த்தோமே என்று சிரிப்புக்கூட வந்தது. சிக்கல் குதிரையிடமிருந்துதான் வந்தது. முதல் வட்டத்தை அவர் கேட்பதற்கு ஓரடி முன்னாலேயே வக்கீல் தொடங்கிவிட்டது. அடுத்துப் பாய்ச்சலுக்கும் தானே தயாரானது. நான் படித்துவிட்டேன், பாருங்கள் என்று காது இரண்டையும் முன்னால் நீட்டிக்கொண்டு போயிற்று. நடுவர் மதிப்பெண் குறைப்பது கிடக்கட்டும். வேலி ஓரத்தில் நிற்கிற ஆளுக்கு இது என்னவென்று ஒரு நொடியில் விளங்கிவிடுமே. அக்காவின் குதிரை ஒருநாளும் வரிசை தெரிந்து வந்ததில்லை.

டீச்சர் பயந்துபோய் வக்கீலை அடக்கினார். முந்திய ஒவ்வொரு தடவையும் விரலை மெல்ல இறுக்கி, இடுப்பைக் கனமாக்கி, பொறு, நான் சொன்னபிறகு என்றார். ஒரு தடவை, இரண்டு தடவை, நாலு தடவை. வக்கீல் நல்ல குதிரை, நல்ல கையில் வளர்ந்த குதிரை. ஐந்தாம் தடவை அதற்குப் புரிந்துவிட்டது. சரி, நீங்களே சொல்லுங்கள் என்று ஒரு காதைப் பின்னால் அவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டது. அதற்கப்புறம் கேட்காமல் ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை.

ஏ பலகையை நோக்கி வந்துகொண்டிருக்கும்போது எல்லா வழியும் ஒரேயடியாகத் திறந்துகொண்டது.

பயமாகக்கூட இல்லை முதலில். மணல் வெள்ளையாக விரிந்துகொண்டே போயிற்று. கறுப்பி வலப்பக்கம் போனாள். செவலை நடுக்கோட்டில் போயிற்று. பெரிய மனுஷி குறுக்கே வெட்டிப் போனாள். ஒவ்வொரு முதுகிலும் தாமே, வெவ்வேறு வயதில், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எந்த ஆளின் பின்னால் போவது? அவர் இடுப்பு நின்றது. இடுப்பு நின்றதால் வக்கீலும் நின்றது. அதற்கு மேலே என்ன என்று வக்கீலுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் சொன்னபிறகு என்றுதானே சொல்லியிருந்தார்கள். காதைத் திருப்பிக்கொண்டு சமர்த்தாகக் காத்திருந்தது.

அப்போதுதான் டீச்சருக்குப் பயம் வந்தது. வேலியோரம் நூறு பேர் இருந்தார்கள், இருமல் சத்தம்கூட இல்லை.

"எஃப்ல திரும்புக்கா. குறுக்கே எச்சுக்குப் போ. நீட்டி ஓட்டு."

எழும்பாத அந்தக் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. வெளியிலிருந்து ஒரு சொல் உதவினாலும் ஆட்டம் போச்சு என்பது அங்கே குதிரைக்குத் தீனி போடுகிறவருக்குக்கூடத் தெரியும். மணி அடித்தது. நடுவர் எழுந்து நின்று, வெளியே போகும்படி தயக்கத்தோடு கையைக் காட்டினார். டீச்சர் தலையைத் தாழ்த்திவிட்டு, இறங்காமலே வக்கீலை நடத்திக்கொண்டு வெளியே வந்தார்.

தம்பி வந்து கடிவாளத்தைப் பிடித்தார். கூட்டத்தைத் தாண்டி, போட்டிக்கு முன்னால் குதிரைகளை ஓட்டித் தயார்படுத்துகிற பின்பக்க மைதானத்துக்கு வந்தார்கள். டீச்சருடையது கடைசி முறை என்பதால் அங்கே ஆள் இல்லை. டீச்சர் ஆத்திரத்தோடு தம்பியின் பக்கம் குனிந்தார்.

"நீ சும்மா இருந்திருந்தா நடுவரே மணி அடிச்சு, அடுத்தது என்னன்னு சொல்லியிருப்பாரு. ரெண்டு மார்க்கு போயிருக்கும், அவ்வளவுதான். உனக்குத் தெரியாதா இது?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் வாயைத் திறந்தே?"

தம்பி கடிவாளத்தின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "அவரு அடிக்கிறவரைக்கும் நீ அங்க அப்படியே நிக்கணும்ல. அதை என்னால பாக்க முடியல."

டீச்சர் வக்கீலின் பிடரியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, எஃப் எச் எல்லாம் இவனுக்கு எப்படித் தெரியும் என்று தோன்றிற்று, கேட்டார்.

"மைதானத்து மணலைத் தினம் சமன் பண்றது யாரு? நான்தானே. ஒரே தடம்கா, ரெண்டு மாசமா. அதே வட்டம், அதே குறுக்குக் கோடு. நீ ஒருநாளும் அப்படி ஓட்டினது கிடையாது." வாரை விரலிலிருந்து அவிழ்த்தார். "தாளை வாங்கி நானும் படிச்சுட்டேன். தினம் தீனி கலக்கும்போது சொல்லிப் பாப்பேன்."

இரண்டு மாதமாக இந்த மனிதர் எல்லாம் தெரிந்துகொண்டே தடத்தை அழித்துக்கொண்டிருந்திருக்கிறார். டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை. அந்த ஒரே வரி இப்போது வரும் என்று காத்திருந்தார். தமது கால் அங்கவடி வளையத்திலிருந்து தானாகவே பாதி கழன்றதையும் பார்த்தார்.

"இறங்கணுமா?"

"யாரு இறங்கச் சொன்னா?" தம்பி கழன்ற காலைப் பிடித்து, பழையபடி அங்கவடிக்குள் வைத்தார். "போட்டி கீட்டியெல்லாம் இனிமே வேண்டாம். டாக்டரையும் போய்ப் பாத்துடணும், அதுல பேச்சு கிடையாது. ஆனா ஓட்டு. தினம் நான் நடுவுல நின்னு சொல்றேன், நீ ஓட்டு."

"உன் குரல் எனக்குக் கேக்குமா?"

"இன்னிக்கு ஊருக்கே கேட்டுச்சே."

டீச்சர் சிரித்துவிட்டார். அழுதுகொண்டே சிரித்ததால் மூக்கை வெள்ளைக் கையுறையில் துடைக்க வேண்டியதாயிற்று. தம்பி கடிவாளத்தை விட்டுவிட்டு மைதானத்தின் நடுவுக்கு நடந்தார். அங்கே எழுத்துப் பலகை ஒன்றும் இல்லை. அந்த மரம் எஃப், தண்ணீர்த் தொட்டி எச், வண்டி நிற்கிற இடம் பி என்று கையைக் காட்டினார். பிறகு விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார், டீச்சர் ஒவ்வொன்றாகக் கேட்டார், வக்கீல் ஒவ்வொன்றாகக் கொடுத்தது. பழைய குதிரைகளும் வந்தன. வரட்டும் என்று டீச்சர் விட்டுவிட்டார். கறுப்பியும் செவலையும் தத்தம் வழியில் போய்க்கொண்டிருக்க, ஒரு குரல் மட்டும் நடுவில் நின்று இந்தப்பக்கம் இந்தப்பக்கம் என்றது. வெயில் சாய்ந்து மணலெல்லாம் மஞ்சளாகியிருந்தது. எவ்வளவு நேரம் ஓட்டினார்கள் என்று இருவருக்கும் தெரியவில்லை.

எந்தப் பரீட்சையானாலும் கடைசி வரி ஒன்றுதான்: நடுக்கோட்டில் நின்று நடுவருக்கு வணக்கம். அதைத் தம்பி சொல்லவில்லை. டீச்சர் தாமாகவே நடுக்கோட்டில் வந்து, தம்பிக்கு நேர் எதிரே வக்கீலை நாலு காலும் சதுரமாக நிறுத்தினார். கடிவாளத்தை ஒரு கைக்கு மாற்றி, மறு கையைத் தொங்கவிட்டு, தலையைத் தாழ்த்தி வணங்கினார்.

தம்பி பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. பதிலுக்கு என்ன செய்வதென்று தெரியாமல், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.