தொழில் செய்யும் இடம்

வீட்டிலிருந்தே புத்தகங்களுக்கு அட்டைப்படம் வரைகிறேன். வரிப் பதிவு இருந்தால்தான் இனி வேலை என்று ஒரு பெரிய பதிப்பகம் கறாராகச் சொல்லிவிட்டது. ஆடிட்டர், "தனியாளா, பார்ட்னர்ஷிப்பா, கம்பெனியா?" என்று கேட்டார். ஊர்ப்பட்ட தொல்லை நமக்கெதற்கு என்று தனியாள் என்றேன். 'தொழில் செய்யும் இடம்' என்ற கட்டத்தில் வீட்டு முகவரியை எழுதினேன்.

பத்தாம் நாள் சரிபார்க்க ஓர் அதிகாரி வந்தார். அந்த நேரம் பார்த்து நான் பிரிண்டர் மை வாங்கப் போயிருந்தேன். கதவைத் திறந்தவர் என் மாமியார்.

"இங்க பிசினஸ் ஏதாவது நடக்குதாம்மா?"

"பிசினஸா? அதெல்லாம் ஒண்ணுமில்ல. மருமகதான் நாள் பூரா சும்மா உட்கார்ந்து படம் போட்டுக்கிட்டு இருப்பா."

விண்ணப்பம் தள்ளுபடி. வந்த கோபத்தில் ஆடிட்டருக்குப் போன் போட்டேன். "பார்ட்னர்ஷிப்பாவே போட்டுடுங்க சார். பார்ட்னர் என் மாமியார்."

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

அதே அதிகாரி மறுபடி வந்தபோது மணி ஒன்றரை. நான் எழுந்திருப்பதற்குள் வாசலில் அத்தையின் குரல் கேட்டது.

"ஆபீஸ்ல இப்ப லஞ்ச் டைம் சார். ரெண்டு மணிக்கு மேல வாங்க."