உயர்த்திய வேன்

ஊருக்குத் திரும்பிவிடுவது என்று ரவிச்சந்திரன் முடிவு செய்திருந்தான். விமானத்தில் அல்ல, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக, சொந்த வேனில். இதை அவன் மனைவி சியாமளா கேள்விப்பட்டது பாஸ்கரன் வாயால்.

பாஸ்கரன் ரவிச்சந்திரனின் பல்கலைக்கழகத்திலேயே மின்னியல் படித்துக்கொண்டிருந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. அன்றைக்கும் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "வேன் நல்ல கண்டிஷன்ல இருக்கு அண்ணி. ஆல் வீல் டிரைவ். நாலு சக்கரமும் இழுக்கும். கொஞ்சம் உயரம் மட்டும் ஏத்திட்டா எந்த ஆத்தையும் தாண்டிரலாம்" என்றான்.

"எந்த வேன்?" என்றாள் சியாமளா.

பாஸ்கரன் ரவிச்சந்திரனைப் பார்த்தான். ரவிச்சந்திரன் அப்பளத்தை நொறுக்கினான்.

"எல்லைக் காவல் படையோட பழைய வண்டி. ஏலத்துல எடுத்தேன். ஜூன்ல கிளம்பறோம்."

"யாரு கிளம்பறோம்?"

"நாமதான். வேற யாரு?"

பாஸ்கரன் மோர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

அது எழுபத்தைந்தாம் வருடம், பிப்ரவரி. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்துக்கு ரவிச்சந்திரன் டாக்டர் பட்டத்துக்காக வந்து நான்கு வருடமாகியிருந்தது. கல்யாணமாகி அடுத்த வருடம் சியாமளா வந்து சேர்ந்தாள். திருச்சியில் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்தவள். வந்த புதிதில் சும்மா இருக்கப் பிடிக்காமல் சர்க்கரை ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் குடுவை கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது அங்கேயே, சர்க்கரை எடுக்கிற பீட்ரூட்டின் சாற்றில் அதன் அளவு பார்க்கிற பிரிவு அவள் பொறுப்பில் இருந்தது. கூட வேலை செய்த பெண்களிடமிருந்து ஜெர்மன் தானாக ஒட்டிக்கொண்டது. ஜனவரியில்தான் அவள் வேலையை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டித்திருந்தார்கள். அதைச் சொன்னபோது அவன், "குட்" என்று மட்டும் சொல்லியிருந்தான்.

அன்று பாத்திரம் கழுவும்போது அவள் கேட்டாள், "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

"ஊருக்குப் போறதுக்கு என்ன பர்மிஷன்?"

"என் வேலை?"

"பீட்ரூட்டை அவங்களே பிழிஞ்சுப்பாங்க."

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர்கள் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். பால் தீர்ந்துவிட்டது. குழாய் ஒழுகுகிறது. அவ்வளவுதான்.

மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை பாஸ்கரனுக்குக் காய்ச்சல். வேனுக்கு அடியில் தான் படுத்திருக்கும்போது வெளியே ஜாக்கியை இயக்க ஒரு ஆள் கட்டாயம் வேண்டும் என்று ரவிச்சந்திரன் சுவரைப் பார்த்துச் சொன்னான். சியாமளா கோட்டை மாட்டிக்கொண்டாள். அந்த வேனை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்றுதான் போனாள்.

நகரத்துக்கு வெளியே, ஒரு கிராமத்தில், ஃபிராவ் பேரன்ஸ் என்ற விதவையின் தானியக் கொட்டகையில் வேன் நின்றது. கரும்பச்சை நிறம், முரட்டு முகம். ஃபிராவ் பேரன்ஸ் கதவைத் திறந்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள்.

"உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். தரையில் எண்ணெய் கொட்டியிருக்கிறது. இது மனிதர்கள் சாப்பிடும் கோதுமை வைக்கிற இடம். மே முடிவதற்குள் இந்தக் குப்பை இங்கிருந்து போக வேண்டும்."

"என்ன சொல்றா கிழவி?" என்றான் ரவிச்சந்திரன்.

"எண்ணெயைச் சுத்தம் பண்ணச் சொல்றாங்க."

குப்பை என்ற சொல்லை அவள் விட்டுவிட்டாள். அது பழக்கமாகிப் போயிருந்தது. வீட்டுக்காரரிடம், போலீஸ் விசா அலுவலகத்தில், டாக்டரிடம் என்று எங்கே போனாலும் அவள்தான் மொழிபெயர்ப்பாள். அவன் பேசுவதில் பாதியை வடிகட்டிவிட்டு மிச்சத்தைத்தான் ஜெர்மனில் சொல்வாள். அவர்கள் சொல்வதையும் அப்படித்தான்.

வேலை ஒன்றும் புரியாத வேலை அல்ல. வேனின் உடலைத் தூக்கி இரும்புத் தாங்கிகளில் நிறுத்தியிருந்தான். சக்கரங்களை இணைக்கும் அச்சு தனியாக ஜாக்கியின் மேல் இருந்தது. அச்சையும் ஸ்பிரிங் பட்டைகளையும் சேர்த்துப் பிடித்திருந்த யூ போல்ட்டுகளைக் கழற்றி, அச்சைக் கீழே இறக்கி, இடைவெளியில் எட்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஓர் இரும்புக் கட்டையை வைத்து, மறுபடி அச்சை ஏற்றி, நீளமான புது போல்ட்டுகளால் இறுக்க வேண்டும். இப்படி நான்கு மூலையும் செய்தால் வேன் அவ்வளவு உயர்ந்துவிடும். கற்களில் அடிவயிறு இடிக்காது. முன்பக்கம் இரண்டையும் பாஸ்கரனோடு முடித்துவிட்டிருந்தான். பின்பக்கம் பாக்கி.

"இறக்கு. மெதுவா. மெதுவான்னு சொன்னேன்ல?"

அவள் இறக்கினாள்.

"நிறுத்து. இப்ப ஏத்து. ஏத்துடின்னா!"

கல்யாணமான இந்த வருடங்களில் அவன் அவளை 'டி' போட்டுப் பேசியதில்லை. பேசாத ஒரு மாதத்தில் எங்கிருந்தோ அது வந்திருந்தது. சியாமளா ஜாக்கியின் கைப்பிடியை விட்டாள். அடியில் அவன் மல்லாந்து படுத்து, இரும்புக் கட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அச்சு ஏறி வந்து கட்டையைத் தாங்கும்வரை அவன் கையை எடுக்க முடியாது. எடுத்தால் கட்டை மார்பில் விழும்.

அவள் கொட்டகைக்கு வெளியே போய் நின்றாள். வயலில் உழுத மண் ஈரமாகக் கிடந்தது. உள்ளேயிருந்து அவள் பெயர் கேட்டது. பிறகு இன்னும் சத்தமாகக் கேட்டது. பிறகு கெட்ட வார்த்தை. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. உள்ளே ஓடினாள். அவன் இன்னும் கட்டையை விடவில்லை. அவளையே பார்த்தான். அவள் ஜாக்கியை ஏற்றினாள்.

வெளியே வந்ததும் அவன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு, "கொல்லப் பாத்தே" என்றான்.

"இல்லை."

"பின்ன?"

"நான் ஒண்ணும் உங்க கூலியாள் இல்லை. அதைச் சொல்ல வேற வழி தெரியல."

அடுத்த பக்கத்தையும் முடித்தார்கள். முடிந்தபோது சியாமளா குனிந்து பார்த்தாள். வண்டியின் உடலிலிருந்து பின் அச்சுக்குப் போகும் பிரேக் ரப்பர் குழாய் தொய்வே இல்லாமல் விறைத்து நின்றது. அச்சு கீழே போய்விட்டது, குழாய் மட்டும் பழைய நீளம்.

"இது இழுத்துக்கிட்டு நிக்குதே."

"தெரியும். நீளமான குழாய் ஆர்டர் பண்ணணும். வர லேட்டாகும். அதுவரைக்கும் தாங்கும். நான் மெக்கானிக்கல், நீ கெமிஸ்ட்ரி."

ஏப்ரலில் வேனைச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. உயரத்தை மாற்றினால் சோதித்துப் பார்த்து வண்டியின் ஆவணத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அங்கே பேச அவனுக்கு ஜெர்மன் போதாது. நான்கு வருடமும் ஆய்வகத்தில் ஆங்கிலத்திலேயே காலத்தை ஓட்டியிருந்தான். எனவே சியாமளா விடுப்பு போட்டாள்.

சோதனையாளர் லூடர்ஸ் என்பவர் உயரமான, சிரிக்காத மனிதர். வேனைப் பள்ளத்தின் மேல் நிறுத்தச் சொல்லி, விளக்கோடு கீழே இறங்கினார். வெகுநேரம் ஏறவில்லை. பிறகு அவர்களையும் கீழே கூப்பிட்டார்.

"இந்தக் கட்டைகளை யார் வைத்தது?"

"நான்தான்னு சொல்லு. பி.இ. மெக்கானிக்கல்னு சொல்லு."

சொன்னாள்.

"முன் அச்சில் இப்படிக் கட்டை வைக்கக்கூடாது. அழுத்திப் பிரேக் பிடித்தால் நழுவி, திருப்பும் கட்டுப்பாடே போய்விடும். பொறியாளருக்கு இது தெரியாதா?"

அதையும் அவர் சொன்ன ஏளனத்தோடேயே தமிழில் சொன்னாள். ரவிச்சந்திரனின் கழுத்து சிவந்தது. லூடர்ஸ் பின்பக்கம் நகர்ந்து, விறைத்து நின்ற ரப்பர் குழாயை விரலால் சுண்டினார். அது நரம்பு போல அதிர்ந்தது.

"இது?"

"இஸ்தான்புல்ல மாத்திக்கறேன்னு சொல்லு" என்றான் ரவிச்சந்திரன். "அதுவரைக்கும் தாங்கும்னு சொல்லு. அங்க இவனை மாதிரி ரூல் புக்கை மென்னு திங்கற மாடு எவனும் இருக்கமாட்டான்."

எதுவரை லூடர்ஸுக்கு, எது தனக்கு மட்டும் என்று சியாமளாவுக்கு நன்றாகவே தெரியும். அன்றைக்கு அவள் வடிகட்டவில்லை. இஸ்தான்புல்லைச் சொன்னாள், தாங்கும் என்பதைச் சொன்னாள், ரூல் புத்தகத்தையும் மாட்டையும் சொன்னாள். தெளிவான ஜெர்மனில், நிதானமாக, ஒன்றுவிடாமல்.

லூடர்ஸ் விளக்கை அணைத்தார். பிறகு மேலே ஏறிப் போய், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தகட்டை எடுத்து, வேனின் நம்பர் பலகையில் ஒட்டியிருந்த, சோதனையில் தேறியதற்கான வட்ட வில்லையைச் சுரண்டி எடுத்தார்.

"இந்த வண்டியை இனி ஓட்டக்கூடாது. வேறு வண்டி வந்து இழுத்துக்கொண்டு போகட்டும்."

"என்ன சொன்னே அவன்கிட்ட?" என்றான் ரவிச்சந்திரன்.

"நீங்க சொன்னதைத்தான்."

"மாடுன்னு சொன்னியா?"

"நீங்கதான் சொன்னீங்க."

பக்கத்தில் ஆட்கள் இல்லையென்றால் அவன் அடித்திருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. அடித்தால் திருப்பி அடிப்பது என்று அவளும் முடிவு செய்திருந்தாள்.

ஃபிராவ் பேரன்ஸ் டிராக்டரைக் கொண்டுவந்தாள். வருவதற்கு முன் தொலைபேசியில் என்னவெல்லாம் திட்டினாளோ, அதையெல்லாம் நேரில் இன்னொரு முறை திட்டினாள். இழுவைக் கம்பியை மாட்டினாள். ரவிச்சந்திரன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ள, பஸ் இல்லாததால் சியாமளாவும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். டிராக்டர் நடை வேகத்தில் போயிற்று. பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. தாண்டிப் போனவர்கள் ஜன்னலை இறக்கி ஏதோ கத்திவிட்டுப் போனார்கள்.

"சந்தோஷமா?" என்றான் அவன்.

"இல்லை."

"என் தீஸிஸை ப்ரொஃபசர் தள்ளிட்டார். டிசம்பர்லயே. என் டாபிக்கை எடுத்து இன்னொருத்தன்கிட்டக் குடுத்துட்டார். மார்ச்சோட டிபார்ட்மெண்ட்ல என் ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள். ஏப்ரல் பாதி கடந்திருந்தது. தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு இவன் எங்கே போய்க்கொண்டிருந்தான்?

"கொட்டகைக்குத்தான்" என்றான், அவள் கேட்காமலே. "டாக்டராகி வருவான்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காங்க. வெறுங்கையோட மீனம்பாக்கத்துல போய் இறங்கச் சொல்றியா? வண்டியில போய் நின்னா அதைப் பத்திக் கேப்பாங்க. படிப்பைப் பத்திக் கேக்கமாட்டாங்க."

பாவமாகத்தான் இருந்தது. பாவமாக இருந்தது என்பதே அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. டிசம்பரில் சொல்லியிருந்தால் அவனோடு சேர்ந்து அழுதிருப்பாள், ப்ரொஃபசரிடம் போய்ச் சண்டை போட்டிருப்பாள். அதற்குப் பதில் அவளையும் ஒரு சாமானாக வேனில் ஏற்றப் பார்த்திருக்கிறான்.

"நீங்க போங்க" என்றாள். "நான் வரலை."

"ஜூனுக்குள்ள மனசு மாறும்."

"மாறாது."

"எங்க அக்கா கிரிஜாவுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

"உண்மையைச் சொல்லுங்க. பழகிக்கலாம்."

அவன் ஸ்டீயரிங்கில் ஓங்கிக் குத்தினான். ஹாரன் அலறியது. ஃபிராவ் பேரன்ஸ் டிராக்டரை நிறுத்தி, இறங்கி வந்து, என்ன ஆச்சு என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள் சியாமளா. கிழவி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அன்று முதல்முறையாக ஒன்றும் திட்டாமல் திரும்பிப் போனாள்.

அதன் பிறகு ரவிச்சந்திரன் வீட்டில் தூங்கியதோடு சரி. முன்பக்கக் கட்டைகளைக் கழற்றிப் போட்டான். ஹனோவரில் ஒரு பட்டறையில் நான்கு ஸ்பிரிங்குகளையும் கூடுதல் வளைவோடு புதிதாக அடித்து வாங்கினான். பிரேக் குழாய்கள் வந்தன, மாட்டினான். மே மாதம் வேறொரு ஊரின் சோதனை நிலையத்துக்கு, தானே மனப்பாடம் செய்த நாலைந்து ஜெர்மன் வாக்கியங்களோடு தனியாகப் போய், புது வில்லை ஒட்டிக்கொண்டு வந்தான். பாஸ்கரன்தான் இதையெல்லாம் அவளிடம் சொன்னான். கூடப் போவதாக இருந்த தானும் போகவில்லை என்றும் சொன்னான். இவர்கள் சண்டையைப் பார்த்து அவனுக்குப் பயணமே வெறுத்துவிட்டது.

ஜூன் மாதம் ஊவே என்ற மாணவனையும் அவன் தோழியையும் ஏற்றிக்கொண்டு ரவிச்சந்திரன் கிளம்பினான். காலையில் சியாமளா வேலைக்குப் போகும்போது அவன் அடுப்படியில் பிரஷர் குக்கரைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அது எங்கம்மா குடுத்தது" என்றாள்.

அவன் அதை மேஜைமேல் தொம்மென்று வைத்தான். மாலையில் அவள் திரும்பியபோது குக்கர் இருந்தது, அவன் இல்லை.

அக்டோபரில் ஊவே ஆராய்ச்சிக்கூடத்துக்கு அவளைத் தேடி வந்தான். முகமெல்லாம் கறுத்து, தாடி வைத்திருந்தான். இந்தியா வரை அவர்கள் போகவே இல்லை என்றான். டெஹ்ரானில் கூடாரம் போட்டிருந்த இடத்தில் ஒரு கட்டுமான நிறுவனத்து ஆள் வேனைப் பார்த்து, இதை உயர்த்தியது யார் என்று விசாரித்திருக்கிறார். ஒரே வாரத்தில் ரவிச்சந்திரனுக்கு வேலை கிடைத்துவிட்டது. பாலைவனத்தை ஒட்டிய மலையில் அணை கட்டுகிறார்கள், அவர்களுடைய லாரிகளுக்கெல்லாம் அவன் பொறுப்பு. டாக்டர் பட்டத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லையாம்.

"ஊருக்குப் போக வேண்டும் என்று சொல்லவே இல்லையா?" என்று கேட்டாள் சியாமளா.

"இல்லை. அங்கே மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்."

அவளுக்குச் சுரீரென்றது. அந்த மனுஷனுக்கு ஊர் கட்டாயமாக இருந்ததில்லை. எங்கேயும் இருந்திருக்கலாம். இங்கேயும்.

"உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா? அடுத்த மாதம் ஒரு நண்பன் அந்த வழியாகப் போகிறான்" என்றான் ஊவே. "நீங்கள் எந்த மொழியில் எழுதிக் கொடுத்தாலும் சரி."

சியாமளா யோசித்தாள். சொல்ல நிறைய இருந்தது, ஆனால் நல்லதாக ஒன்றும் இல்லை.

"அவருடைய குளிர்கோட்டு அலமாரியில் தொங்குகிறது. அங்கே பனி பெய்யுமா?"

"மலையில் நிறையப் பெய்யும்."

"அப்படியென்றால் சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போ. எனக்கு அந்த இடம் வேண்டும்" என்றாள். உள்ளே அறுவடைக்கால பீட்ரூட் மாதிரிகள் வரிசையாகக் காத்திருந்தன. அவள் கையுறையை மாட்டிக்கொண்டு போனாள்.